சைக்கிள் கம்பியில் தொடங்கி தாடை வரை

தாடை சிறுத்துப் பிறந்த குழந்தைக்கு அந்த எலும்பை வெட்டி, வெட்டின் இருபுறமும் ஒரு திருகுக் கருவியைப் பொருத்தி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவார்கள். இடைவெளியில் புது எலும்பு முளைக்கும். இந்த வித்தை காலுக்காகப் பிறந்தது.

1905-இல் இத்தாலிய மருத்துவர் கோடிவில்லா, குட்டைக் காலை நீட்டுவதற்காக எலும்பை வெட்டி, குதிகாலில் ஆணி இறக்கிப் பலமாக இழுத்தார். அவசரம்தான் கெடுத்தது. அவரைப் பார்த்துச் செய்தவர்களும் சூடுபட்டுக்கொண்டார்கள்.

1950-களில் சைபீரியாவின் குர்கானில் இலிசாரோவ் என்ற மருத்துவர், சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகளை எலும்பில் குறுக்காகச் செலுத்தி, இரும்பு வளையங்களில் இறுக்கினார். முறிந்த முனைகளை நெருக்குவதே நோக்கம். ஒரு நோயாளி திருகாணியை மறுபக்கம் திருப்பிவிட்டாராம். எக்ஸ்ரேயில் பார்த்தால் இடைவெளியில் புது எலும்பு! கதை உண்மையோ இல்லையோ, அதன்பின் அவர் நாய்களில் சோதித்துக் கண்ட கணக்கு உண்மை: நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதையும் நான்கு தவணையாக. இதைவிட மெதுவாக இழுத்தால் எலும்பு முன்னதாகவே ஒட்டிக்கொள்ளும். வேகமாக இழுத்தால் உருவாகவே உருவாகாது.

மேற்குலகுக்கு இது போய்ச் சேர்ந்ததில் ஒரு கோரைப் படகுக்கும் பங்குண்டு. 1969-இல் நார்வே ஆய்வாளர் தோர் ஹெயர்டால் பாப்பிரஸ் கோரையால் கட்டிய 'ரா'வில் அட்லாண்டிக் கடக்கக் கிளம்பியபோது, சோவியத் மருத்துவர் யூரி சென்கேவிச்சும் இத்தாலிய மலையேறி கார்லோ மௌரியும் உடன் சென்றார்கள். பனிச்சறுக்கில் உடைந்த மௌரியின் கால் பல வருடங்களாகச் சரியாகச் சேரவில்லை. கடைசியில் நண்பர் சென்கேவிச் காட்டிய வழியில் 1980-இல் குர்கான் போனார், குணமாகித் திரும்பினார். வாய் சும்மா இருக்குமா? ஊரெல்லாம் சொன்னார். இத்தாலிய மருத்துவர்கள் அசந்துபோய், 1981-இல் இலிசாரோவையே வரவழைத்துப் பேச வைத்தார்கள்.

தாடையில் இதைச் செய்யலாம் என்று அமெரிக்காவில் ஸ்னைடர் குழு 1973-இலேயே நாயிடம் காட்டியிருந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நியூயார்க்கின் ஜோசப் மக்கார்த்தி நான்கு குழந்தைகளுக்குக் கீழ்த்தாடையை நீட்டி 1992-இல் எழுதியபிறகே ஆளாளுக்கு இறங்கினார்கள். வெளியே நீட்டிய கம்பிகள் கன்னத்தில் தழும்பு விட்டதால், கருவி தோலுக்குள் புகுந்தது. மேல்தாடை, நெற்றி என்று வேலையும் பரவியது.

பிறந்த குழந்தையின் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்தால், கீழ்த்தாடையை இப்படி நீட்டும்போது அதோடு நாக்கும் முன்னால் வரும். தொண்டையில் துளையிடாமலே பலர் தப்பிக்கிறார்கள். பச்சிளம் எலும்பு அவ்வளவு சீக்கிரம் சேர்ந்துவிடுவதால், இங்கே குர்கான் கணக்கைத் தாண்டி நாளுக்கு இரண்டு மில்லிமீட்டர் வரை திருகுபவர்களும் உண்டு.