திருவனந்தபுரத்தில் கைக்குழந்தை எண்ணெய்க் குளியல்

பிறந்த குழந்தையின் உடலில் எண்ணெய் தேய்த்து, சற்று நேரம் ஊறவிட்டு, வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டும் வழக்கம் தென்கேரளம் முழுவதும் உண்டு. திருவனந்தபுரத்தில் மலையாளக் குடும்பங்களும், கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதைப் பின்பற்றுகின்றன. தாய்க்கும் சேய்க்கும் செய்யும் இந்தப் பராமரிப்பு முழுவதையும் மலையாளத்தில் ‘பிரசவ ரட்சை’ என்பார்கள். தேங்காய்ப்பாலில் இருந்து காய்ச்சிய உருக்கு வெளிச்செண்ணெய், நாற்பாமராதி முதலிய தைலங்கள், சிறுபயற்று மாவு ஆகியவையே இதன் முக்கியப் பொருள்கள். எளிதில் சிவக்கும், வறளும், கரப்பான் காணும் தோலுள்ள குழந்தைக்கு இவற்றில் எது பொருந்தும், எதைத் தள்ளி வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குழந்தைத் தோலின் இயல்பு

கைக்குழந்தையின் மேல்தோல் பெரியவர்களுடையதைவிட மெல்லியது. அதன் வெளிப்புறக் கொம்புப் படலம் ஏறக்குறைய முப்பது சதவீதம் மெலிந்தது என்று அளவீடுகள் காட்டுகின்றன. உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம். ஆகவே பூசும் பொருள் எதுவானாலும் உடலுக்குள் சேரும் வீதமும் கூடுகிறது. பிறந்தவுடன் தோலின் பி.எச். நடுநிலையை ஒட்டியிருக்கும். சில வாரங்களில் அது இறங்கி 5 அளவில் அமிலத்தன்மை பெறும். கிருமிகளைத் தடுப்பதும் ஈரத்தைக் காப்பதும் இந்த மெல்லிய அமிலப் படலம்தான். சாதாரண சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை இருப்பதால் ஒவ்வொரு சோப்புக் குளியலும் இதைக் கலைக்கிறது. குழந்தை பிறந்து 24 மணி நேரம் கழித்தே முதல் குளியல் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பிறக்கும்போது உடலில் படிந்திருக்கும் வெண்மெழுகைத் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை.

உருக்கு வெளிச்செண்ணெய்

முற்றிய தேங்காயைத் துருவிப் பிழிந்த கெட்டிப்பாலை உருளியில் ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் நீர் வற்றி எண்ணெய் தெளியும். அடியில் பழுப்பாகத் திரளும் கக்கனை வீட்டுப் பிள்ளைகள் தின்றுவிடுவார்கள். வேதிப்பொருள் எதுவும் சேராத இந்த எண்ணெய்தான் பேறு நடந்த வீட்டில் முதலில் காய்ச்சப்படும் பொருள். கொப்பரையைச் செக்கில் ஆட்டும் எண்ணெய் வேறு. அதன் மணமும் நிறமும் வேறு. நீர் முழுவதும் வற்றாமல் இறக்கிய எண்ணெய் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். அதைக் குழந்தைக்குத் தேய்க்கக் கூடாது. சிறிது சிறிதாகக் காய்ச்சி, ஈரமில்லாத கண்ணாடிக் குப்பியில் வைப்பதே வீட்டு வழக்கம்.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். கரப்பான் உள்ள தோலில் பெருகும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியை இந்த எண்ணெய் குறைப்பதாகப் பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. 2014இல் வெளிவந்த இன்னொரு பிலிப்பைன்ஸ் ஆய்வில், மிதமான கரப்பான் உள்ள 117 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குத் தேங்காய் எண்ணெயும் மற்றவர்களுக்குக் கனிம எண்ணெயும் எட்டு வாரம் பூசினார்கள். நோயின் கடுமை முதல் பிரிவில் 68 சதவீதமும் இரண்டாவதில் 38 சதவீதமும் இறங்கியது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகள். குறைமாதக் குழந்தைகளைப் பொறுத்தவரை, தேங்காய் எண்ணெய் தேய்த்தால் எடை நன்றாகக் கூடியதாக மும்பை மருத்துவர்களின் ஆய்வு 2005இல் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்தது.

மற்ற ‘இயற்கை’ எண்ணெய்களுக்கு இந்த நற்பெயரை அப்படியே மாற்றிக் கொடுத்துவிட முடியாது. ஆலிவ் எண்ணெய் தோலின் காப்புப் படலத்தைக் குலைப்பதாக இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள். 2016இல் மான்செஸ்டரில் 115 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் ஆலிவ், சூரியகாந்தி இரண்டுமே தோலின் கொழுப்படுக்கு ஒழுங்காக அமைவதைத் தாமதப்படுத்தின. வடஇந்தியாவின் கடுகெண்ணெய் எரிச்சல் தருவது. வெளிநாட்டு மாப்பிள்ளை வாங்கிவரும் ஆலிவ் குப்பியைவிட அம்மாச்சி காய்ச்சும் எண்ணெய் மேல் என்று சொல்ல இவ்வளவு சான்று போதும். ஆனால் அம்மாச்சியின் எண்ணெய் கரப்பான் வராமல் தடுக்கும் என்று சொல்லச் சான்று இல்லை. பரம்பரையாகக் கரப்பான் வாய்ப்புள்ள 1394 பிரிட்டிஷ் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் முதல் ஆண்டு முழுவதும் தினமும் ஈரப்பூச்சு பூசிய ஆய்வு 2020இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பூசியவர்களுக்கும் பூசாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

நகரின் தட்பவெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் கூடுதல். மார்ச், ஏப்ரல் புழுக்கத்தில் கழுத்து மடிப்பிலும் தொடையிடுக்கிலும் எண்ணெய் தங்கினால் வேர்க்குரு பொங்கும்; மலையாளத்தில் அதைச் சூடுகுரு என்பார்கள். தலையில் மஞ்சள் பொருக்கு உள்ள குழந்தைக்கு எண்ணெயை இரவு முழுவதும் விட்டுவைப்பது தவறு. அந்தப் பொருக்கோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சை கொழுப்பு அமிலங்களை உண்டு வளர்வது. கால் மணி நேரம் ஊறவிட்டு, மென்மையாக அலசி, மென்சீப்பால் வாரிவிட்டால் போதும். கோடையில் எண்ணெயின் அளவையும் நேரத்தையும் குறைப்பதும் நல்லது.

மருந்துத் தைலங்கள்

கேரள ஆயுர்வேதத்தில் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய தைலத்துக்குக் ‘கேரம்’ என்று பெயர். ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் நான்கு மரங்களின் பட்டையும் மஞ்சளும் மற்ற மூலிகைகளும் சேர்ந்தது நாற்பாமராதி. அரக்கு சேர்ந்தது லாக்ஷாதி. செம்பருத்தி சேர்ந்த செம்பருத்யாதியும் தினேசவல்யாதியும் பிள்ளைகளின் கரப்பானுக்குத் தரப்படுபவை. நாற்பாமரப் பட்டையை இட்டுக் கொதிக்கவைத்த நீரில் குளிப்பாட்டுவதும் உண்டு.

இவை மருந்துகள். உணவைப் போலவோ சோப்பைப் போலவோ எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி பொருந்த வேண்டும் என்பதில்லை. பத்துக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த தைலத்தில் ஒன்று ஒவ்வாமல் போனாலும் எது என்று கண்டுபிடிப்பது கடினம். மஞ்சளுக்கே தொடுகை ஒவ்வாமை பதிவாகியிருக்கிறது. தோல் நலமாக இருக்கும் குழந்தைக்கு நல்ல எண்ணெயே போதுமானது. கரப்பானுக்காக எடுப்பதானால் கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதற்குப் பதில் வைத்தியரிடம் காட்டி வாங்குவது முறை. நாற்பாமராதி நிறம் கூட்டும் என்ற விளம்பரம் ஊரெங்கும் காணக் கிடைக்கிறது. கைக்குழந்தையின் நிறத்தைக் கவலையாக்கும் எந்த விளம்பரத்தையும் தள்ளிவிடலாம்.

மாவு, பவுடர், மை

சோப்புக்குப் பதில் சிறுபயற்று மாவு தேய்ப்பது பலருக்கும் உகந்தது. ஆனால் சலிக்காத மாவு தோலை உரசும், மடிப்பில் தங்கினால் புளிக்கும். கரப்பானால் வெடித்த தோலில் உணவுப் பொருளைத் தேய்ப்பதற்கு வலுவான எதிர்ப்பு உண்டு: நிலக்கடலை எண்ணெய் சேர்ந்த பூச்சுகளைக் கரப்பான் தோலில் பூசிய குழந்தைகளிடம் பின்னாளில் நிலக்கடலை ஒவ்வாமை அதிகம் இருந்ததை 2003இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. கடலைமாவு, பால், தயிர் ஆகியவற்றுக்கும் இந்த எச்சரிக்கையை நீட்டிப்பது விவேகம். டால்கம் பவுடர் மூச்சுக்குள் போகும் ஆபத்து உள்ளதால் குழந்தைக்குத் தேவையில்லை. இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கட்டும் கருப்புக் கயிறு ஈரத்தை வைத்திருக்கும்; குளித்ததும் அதன் அடியைத் துடைத்து உலர்த்த வேண்டும். பூவாங்குருந்தல் சாற்றில் நனைத்த துணியை எரித்து வீட்டில் செய்யும் மையோ, கடையில் வாங்கும் மையோ, கண்ணுக்குள் இடுவது நல்லதல்ல. ஈயம் கலந்த சுர்மா வகைகள் உலகின் பல நாடுகளில் குழந்தைகளை நோயாளிகளாக்கியிருக்கின்றன.

லேபிளும் சட்டமும்

‘இயற்கை’ என்ற சொல்லுக்கு இந்திய அழகுப்பொருள் சட்டத்தில் வரையறை இல்லை. அழகுப்பொருள்கள் 2020ஆம் ஆண்டு விதிகளின் கீழும், ஆயுர்வேதத் தைலங்கள் 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டத்தின் ஆயுர்வேத உரிமத்தின் கீழும் வருகின்றன. பழைய நூலில் உள்ளபடி செய்த மருந்துக்குப் புதிதாகப் பாதுகாப்பு ஆய்வு கேட்பதில்லை. எனவே லேபிளில் பார்க்க வேண்டியது மூலப்பொருள் பட்டியல், உரிம எண், தயாரித்த தேதி ஆகியவை. பட்டியல் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. ‘நறுமணம்’ என்று ஒரு சொல்லில் மறைந்திருப்பது பல வேதிப்பொருள்களாக இருக்கலாம். லாவெண்டர், எலுமிச்சை எண்ணெய்கள் தாவரத்தில் இருந்து வந்தாலும், காற்றுப்பட்டுப் பழசானால் ஒவ்வாமை தருபவை.

தேங்காய் எண்ணெயில் கலப்படம் பழைய கதை. 2018இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை பல பிராண்டுகளுக்குத் தடை விதித்தது. உணவு உரிமம் பெற்ற சிறு பாட்டில் தேங்காய் எண்ணெயைக் கூந்தல் எண்ணெயாகக் கருத வேண்டியதில்லை என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தைக்கு வாங்குபவர் உணவு உரிமம் உள்ள குப்பியை எடுப்பது பாதுகாப்பான வழி.

‘மூலிகைக் கிரீம்’ ஒன்று இரண்டே நாளில் கரப்பானை மறைத்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். 2003இல் பர்மிங்ஹாமில் சோதித்த 24 மூலிகைக் கிரீம்களில் 20இல் ஸ்டீராய்டு இருந்தது. இந்தியாவில் பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் விதி வந்தது. சீட்டோடு வந்த கிரீமை மருத்துவர் சொன்ன அளவுக்கும் நாளுக்கும் பயன்படுத்துவதில் தவறில்லை. பெயரில்லாத டப்பாவில் ஒளிந்து வருவதுதான் ஆபத்து.

எதையும் முதன்முறை பூசுமுன், முழங்கை மடிப்பின் உட்புறத்தில் சிறிதளவு தினமும் ஒரு வாரம் தடவிப் பார்க்கலாம். சிவந்தால் நிறுத்த வேண்டியதுதான்.

மருத்துவ வசதிகள்

திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கியது. அதன் வளாகத்தில் 1952இல் திறந்த ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை, ‘எஸ்.ஏ.டி.’ என்று அறியப்படும் தாய்–சேய் மருத்துவமனை. ஆயுர்வேதத்துக்கு 1889இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரியும், பூஜப்புரையில் பெண்கள்–குழந்தைகளுக்கான அரசு ஆயுர்வேத மருத்துவமனையும் உள்ளன. மஞ்சள் பொருக்குடன் நீர் வடியும் புண், கொத்தாகக் கொப்புளம், காய்ச்சலுடன் பரவும் சிவப்பு, ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடலில் சீழ்க்கொப்புளம் ஆகியவற்றைக் கண்டால் எண்ணெயையும் மாவையும் நிறுத்திவிட்டு, அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.