பேச்சு வானொலியும் சிறுபொழுதும்: பி.பி.சி. ரேடியோ 4-இன் ஒரு நாள் நிரல்

முன்னுரை

பி.பி.சி. என்றவுடன் தமிழர் நினைவில் எழுவது 1941இல் தொடங்கிய தமிழ் ஒலிபரப்பும் ‘தமிழோசை’ என்னும் பெயருமே ஆகும். அது கடல் கடந்த நேயர்க்கென அமைந்தது. அந்நிறுவனம் தன் நாட்டு மக்களுக்கென நடத்தும் ரேடியோ 4 வேறு தன்மையது. அதில் இசைக்கு இடம் குறைவு. செய்தி, உரையாடல், நாடகம், நூல் வாசிப்பு என நாள் முழுதும் பேச்சே ஒலிக்கும். அதன் ஒரு நாள் நிரலைத் தனித்தனி நிகழ்ச்சிகளின் பட்டியலாகக் கொள்ளாமல், பொழுதை வகுத்துரைக்கும் ஒரே பனுவலாகக் கொண்டு படிக்க இயலும். அவ்வாறு படிக்கும்போது, நிரலில் நேரும் சிறு மாற்றமும் பெரும் பூசலாவது ஏன் என்பது விளங்கும் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நிலையத்தின் தோற்றம்

1922இல் ஒரு குழுமமாகத் தொடங்கிய பி.பி.சி., 1927 சனவரி 1 முதல் பொதுக் கழகமாயிற்று. இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939 செப்டம்பரில், அதுவரை தனித்தனியே நிகழ்ந்த தேசிய, வட்டார ஒலிபரப்புகள் இணைக்கப்பட்டு ‘ஹோம் சர்வீஸ்’ உருவானது. அதுவே 1967 செப்டம்பர் 30 அன்று ரேடியோ 4 எனப் பெயர் மாறியது. 1978 நவம்பர் 23 அன்று நெட்டலை அதற்கு வழங்கப்பட்ட பின்னரே ஒரே குரலை நாடு முழுவதும் கேட்கும் நிலை வாய்த்தது. நெட்டலை கடலிலும் நெடுந்தொலைவு கேட்கும் ஆதலால், கப்பல்களுக்கான கடல்வானிலை அறிக்கையும் அன்றே ரேடியோ 2-இலிருந்து இந்நிலையத்திற்கு வந்தது.

நிரலும் சிறுபொழுதும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ்ப் பொருளிலக்கணத்தின் அடிப்படை. உரிப்பொருள் நிகழ்வதற்கு இவ்விரண்டும் களமாகும். ரேடியோ 4-இன் நிரலும் இவ்வாறே பொழுதுதோறும் ஒரு பொருளை உரிமையாக்குகிறது. வைகறையில் உழவர்க்கான செய்தியும் கடலோடிகளுக்கான அறிக்கையும் இடம்பெறும். காலையில் 1957இல் தொடங்கிய ‘டுடே’ அரசியலைப் பேசும். நண்பகற் பொழுது, 1946இல் தொடங்கிய ‘உமன்ஸ் ஹவர்’ என்னும் மகளிர் நிகழ்ச்சிக்கும், 1965இல் தொடங்கிய ஒரு மணிச் செய்தி நிகழ்ச்சிக்கும் உரியது. எற்பாட்டில் நாடகமும், மாலையில் ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்னும் தொடரும், யாமத்தில் நூல் வாசிப்பும் அமையும்.

இவற்றுள் ‘தி ஆர்ச்சர்ஸ்’ தனியே நோக்கத்தக்கது. 1951 சனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலித்துவரும் இத்தொடர் ஆம்பிரிட்ஜ் என்னும் கற்பனைச் சிற்றூரைக் களமாகக் கொண்டது. போருக்குப் பின் உணவுப் பங்கீடு நீடித்த காலத்தில், விளைச்சலைப் பெருக்கும் முறைகளை உழவர்க்குக் கதைவழி உணர்த்துவதே அதன் தொடக்கநிலை நோக்கம். அறிவுரை காலப்போக்கில் பின்தங்க, கதை நிலைத்தது.

கடல்வானிலை அறிக்கை நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே தருவது. தீவுகளைச் சூழ்ந்த 31 கடற்பகுதிகளின் பெயர்கள் மாறா வரிசையில் சொல்லப்படும். ஏறத்தாழ 350 சொற்கள் என்னும் வரம்புக்குள் காற்று, மழை, பார்வைத் தெளிவு ஆகியவை அடங்க வேண்டும். வினைச்சொற்கள் பெரிதும் நீங்கிய அவ்வுரைநடை, கடலையே காணாதவர்க்கும் செவிப்பழக்கமாயிற்று. 2002இல் ‘ஃபினிஸ்டர்’ என்னும் பகுதி, வானிலைத் துறையை நிறுவிய ஃபிட்ஸ்ராயின் பெயரைப் பெற்றபோது பழம்பெயரின் இழப்புக்காகப் பலர் வருந்தினர்.

பேச்சின் நடை

இந்நிலையத்தின் பேச்சு நடைக்கு அடித்தளமிட்டவருள் ஹில்டா மேத்சன் முதன்மையானவர். 1927இல் பி.பி.சி. உரைத்துறையின் இயக்குநரான இவர், ஒலிவாங்கியின்முன் பொதுக்கூட்டத்தில் முழங்குவதுபோல் பேசுவது பயனற்றது எனக் கண்டார். கேட்பவர் தம் இல்லத்தில் தனியே இருப்பவர். அவரை நேர்நின்று விளிப்பதுபோல் உரை அமைய வேண்டும் என்றார். எழுதி வைத்துப் படித்தாலும் பேச்சாகவே ஒலிக்கும் உரைநடை இதனால் உருவாயிற்று. மேடைத் தமிழின் வீச்சை ஆராய்வோர்க்கு இவ்வேறுபாடு ஒப்பாய்வுக் களமாகும்.

நிரல் மாற்றமும் நேயர் எதிர்ப்பும்

1992-93இல் ரேடியோ 4-இன் நெட்டலையை இடையறாச் செய்தி ஒலிபரப்புக்கு மாற்றத் திட்டமிடப்பட்டது. நேயர்கள் இலண்டனில் ஊர்வலம் சென்று எதிர்த்தனர். திட்டம் கைவிடப்பட்டு, செய்திக்கும் விளையாட்டுக்குமென 1994 மார்ச்சில் ரேடியோ 5 லைவ் தொடங்கப்பட்டது. 2006 ஏப்ரலில், நாளின் தொடக்கத்தில் ஒலித்த நாட்டார் மெட்டுகளின் தொகுப்பிசை நீக்கப்பட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களும் குரல் கொடுத்தனர். அவ்விசை சில நிமிடங்களே நீள்வது. அதுவும் பெரும்பாலோர் உறங்கும் வேளையில் ஒலிப்பது. ஆகவே எதிர்ப்பின் காரணம் இசைச் சுவை மட்டும் அன்று. பொழுதின் எல்லைக்கல் ஒன்று பெயர்க்கப்பட்டதே ஆகும்.

2024இல் நெட்டலைக்கென இருந்த தனி நிரல் முடிவுற்றது. கடல்வானிலை அறிக்கையின் நாள்முறைகளும் குறைந்தன. 1928 முதல் நடைபெறும் நாள்வழிபாடு வேறோர் இணை நிலையத்திற்குச் சென்றது. இம்முறை மாற்றத்தைக் கொணர்ந்தது தொழில்நுட்பமும் செலவுமாகும். வேண்டும்போது கேட்கும் வசதி பெருகியதால் பொழுதுக்கும் பொருளுக்கும் இருந்த பிணைப்பு தளர்ந்தது. 1924 பிப்ரவரி 5 முதல் ஒலிக்கும் கிரீனிச் நேரக்குறி ஒலிகள் இதற்குத் தக்க சான்று. நொடி பிசகாமை ஒன்றே அவற்றின் பொருள். எண்மமுறை வானொலியில் அவை சில நொடிகள் தாழ்ந்தே வந்து சேர்கின்றன. ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வோர் அளவில் தாழ்கின்றன. ஒரே கணத்தில் ஒரே ஒலியைக் கேட்ட மக்கள், அதே ஒலியை வெவ்வேறு கணங்களில் கேட்கின்றனர்.

முடிவுரை

நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகளைச் சேமிப்பதால் மட்டும் வானொலியின் வரலாறு காக்கப்படாது. எது எதன்பின் வந்தது, எப்பொழுதில் வந்தது என்பதும் அவ்வரலாற்றின் கூறாகும். 1923 முதலான ‘ரேடியோ டைம்ஸ்’ இதழின் நிரல்களைப் பி.பி.சி. 2014இல் எண்மமாக்கிப் பொதுப் பார்வைக்கு வைத்தமை இதனை உணர்ந்த செயலாகும். அகில இந்திய வானொலி தமிழில் வெளியிட்ட ‘வானொலி’ இதழின் நிரற்பக்கங்களும் இந்நோக்கில் தொகுக்கப்பட வேண்டியவை. அவற்றை இழப்போமாயின், தமிழ்ப் பேச்சு ஒலித்த பொழுதுகள் பற்றிய சான்றையும் இழந்தவராவோம்.