வந்திருந்தால்... ஜெயித்திருப்பார்!

1815 ஜூன் 18, வாட்டர்லூ. நெப்போலியனோட தளபதி க்ரூஷி 30,000-க்கும் மேற்பட்ட வீரர்களோட வாவ்ர் ஊர்ப்பக்கம் சண்டை போட்டுக்கிட்டிருந்தார். வாட்டர்லூவுக்கு வரவேயில்லை. எதிரிக்குத் துணையா பிரஷ்யப் படை வந்துடுச்சு. கதை முடிஞ்சது.

இந்த ஆதங்கத்தைச் சொல்ல பிரெஞ்சில் 'கோந்திசியொனெல் பாஸே'ன்னு ஒரு வினை வடிவம் இருக்கு. "சி க்ரூஷி எத்தெ வெனு, நபோலெயோன் ஓரெ கான்யே." அதாவது, க்ரூஷி வந்திருந்தால் நெப்போலியன் ஜெயித்திருப்பார்.

செய்முறை சுலபம்தான். 'அவுவார்' என்ற துணைவினையை நிபந்தனை வடிவில் (ஓரெ) வைத்து, பக்கத்தில் முக்கிய வினையின் இறந்தகால எச்சத்தை (கான்யே) போடணும். வருதல், போதல் மாதிரி வினைகளுக்கு 'எத்ர்' துணை: 'ஸெரெ வெனு', வந்திருப்பார். ஆனா 'சி' வரும் பாதியில் இந்த வடிவம் கூடாது. அங்கே 'எத்தெ வெனு'தான். நாமும் 'இருந்தால்', 'இருப்பார்'னு பிரிச்சுத்தானே சொல்றோம்!

எனக்குப் பிடிச்ச விஷயம் இனிமேல்தான். 'சி' இல்லாம "நபோலெயோன் ஓரெ கான்யே"ன்னு மட்டும் ஒரு செய்தியில் வந்தா அர்த்தமே வேற: ஜெயித்ததாகத் தகவல், உறுதியாகலை! நடக்காததுக்கும் நிச்சயமில்லாததுக்கும் ஒரே வடிவம். அதனால பிரெஞ்சில் வரலாறு படிக்கிறப்ப 'ஓரெ' கண்ணில் பட்டா, பக்கத்துல 'சி' இருக்கான்னு முதல்ல தேடுங்க மக்கா. இல்லேன்னா வதந்தி வரலாறாயிடும் :-)