உலகப் போர்: வரையறையும் பழவேற்காட்டுச் சான்றும்

உலகப் போர் என்பது வல்லரசுகள் எதிரெதிர் அணிகளாக நின்று, ஒரே பகையைப் பல கண்டங்களிலும் கடல்களிலும் தொடர்ந்து நடத்தும் போர். பொது வழக்கில் 1914–1918, 1939–1945 ஆகிய இரு போர்களையே இப்பெயர் குறிக்கும். வரலாற்றாசிரியர் சிலர் அவற்றுக்கு முந்திய போர்கள் சிலவற்றையும் இவ்வகையில் சேர்ப்பர். அவற்றுள் ஒன்று, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1663 வரை நீடித்த ஒல்லாந்து–போர்த்துக்கீசியப் போர். அப்போரில் சோழமண்டலக் கரையின் முதன்மைத் தளமாக இருந்தது இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு.

அளவுகோல்கள்

எந்தப் போரை இவ்வகையில் சேர்ப்பது என்பதற்கு அறிஞர்கள் நான்கு அளவுகோல்களைக் கையாள்கின்றனர். அவை போர் நடந்த பரப்பு, பங்கேற்ற வல்லரசுகளின் எண்ணிக்கை, உயிரிழப்பும் ஆள்திரட்டலும், போர்முனைகளுக்கு இடையிலான தொடர்பு என்பன.

அமெரிக்க அரசியல் அறிஞர் ஜாக் லெவி இரண்டாம், மூன்றாம் அளவுகோல்களுக்கு முதலிடம் தந்தார். முன்னணி வல்லரசு ஒன்றும், மற்ற வல்லரசுகளில் பாதியேனும் பங்கேற்க வேண்டும். பத்து லட்சம் மக்களுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட போர்ச்சாவு நேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நிபந்தனை. இக்கணக்கு ஐரோப்பிய மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டதால் ஆசியக் கரைகளில் மடிந்தவர்கள் இதில் இடம்பெறுவதில்லை. மற்றோர் அரசியல் அறிஞர் ஜார்ஜ் மாடல்ஸ்கி 1494 முதலான ஐந்து போர்க்காலங்களை உலகளாவிய போர்கள் என்றார். அவற்றுள் முதலாவதில் போர்த்துக்கீசியரின் இந்தியப் பெருங்கடல் போர்களும் அடங்கும். வின்ஸ்டன் சர்ச்சில் ஏழாண்டுப் போரையே முதலாவது உலகப் போர் என்றார்.

பிரித்தானிய வரலாற்றாசிரியர் சார்லஸ் பாக்ஸர் நான்காம் அளவுகோலைப் பிடித்துக்கொண்டார். ஒல்லாந்தருக்கும் போர்த்துக்கீசியருக்கும் நடந்த போராட்டமே முதலாம் உலகப் போர் என்னும் பெயருக்கு உரியது என்று 1969இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார். பிரேசில், அங்கோலா, மலாக்கா, மக்காவு, இலங்கை, மலபார் எனச் சிதறிக் கிடந்த முனைகளை ஒரே வணிகப் பகை இணைத்தது. தனக்கென்று சண்டை ஏதுமில்லாத தொலைதூரத் துறைமுகம் ஒன்று பிறர் பகைக்காகத் தாக்கப்படுவதே உலகப் போரின் அடையாளம். இந்த அளவுகோலின்படி வரிசை பாக்ஸர் சொன்ன போரிலிருந்தே தொடங்குகிறது.

பழவேற்காட்டுப் போர்முனை

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரிக்கு வடகிழக்கே, உப்பங்கழி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த ஊர். விசயநகர ஆட்சிக் காலத்தில் இங்கிருந்து துணிமணிகள் மலாக்காவுக்கும் கீழைத் தீவுகளுக்கும் சென்றன. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்குக் குடியேறினர். மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமும் அவர்கள் வசமிருந்தது.

1602இல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவானது. மலுக்குத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயுமே அதன் குறி. ஆனால் அத்தீவினர் தங்கள் சரக்குக்கு ஈடாக விரும்பிக் கேட்டது சோழமண்டலத் துணியை. துணி இல்லாமல் வாசனைச் சரக்கு இல்லை என்ற நிலையில், மலுக்குத் தீவுகளின் இடக்கை சோழமண்டலக் கரையே என்று கம்பெனி அதிகாரி எந்திரிக் பிரவுவர் 1612இல் மதிப்பிட்டார். இதுவே பழவேற்காட்டுக்குப் போர் வந்த காரணம். இவ்வூர்ப் பெயரைத் தாங்கிய கைலி மலாய் நாடுகளில் இன்றும் விற்பனையாகிறது.

விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியின் இசைவோடு 1610இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் பண்டகசாலை நிறுவினர். 1612 சூன் மாதம் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அதை அழித்தனர். ஐரோப்பாவில் அப்போது போர் நிறுத்தம் நடப்பில் இருந்தது. 1580 முதல் போர்த்துக்கலையும் ஆண்டுவந்த எசுப்பானிய மன்னர் 1609இல் ஒல்லாந்தரோடு பன்னிரண்டு ஆண்டுச் சமாதானம் செய்திருந்தார். அந்த உடன்படிக்கை இக்கரையில் செல்லுபடியாகவில்லை. சாந்தோமின் துணி வணிகம் கைநழுவும்போது ஐரோப்பாவில் இட்ட கையொப்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் போர்த்துக்கீசியர் ஆயத்தமாக இல்லை.

பண்டகசாலை மட்டும் போதாது என்று கண்ட ஒல்லாந்தர் 1613இல் கோட்டை எழுப்பினர். வெம்மர் வான் பெர்கெம் என்னும் தலைவர் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்குக் கெல்ட்ரியா என்று பெயரிட்டார். சோழமண்டலத்தில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக அது 1690 வரை விளங்கியது. நாணயச் சாலையும் அங்கு இயங்கியது.

கோட்டையின் வெடிமருந்து ஆலை தனியே குறிப்பிடத்தக்கது. சோழமண்டலத்தில் கிடைத்த வெடியுப்பைக் கொண்டு அரைத்த மருந்து, ஒல்லாந்தரின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கீழைக் கடல் தளங்களுக்கும் கப்பலேறியது. பொன்னேரிப் பகுதியின் கரையோரத்தில் தயாரான பொருள் ஆயிரக்கணக்கான கல் தொலைவில் பீரங்கிகளில் வெடித்தது. போர்முனைகளின் தொடர்புக்கு இதைவிட நேரான சான்று இக்கரையில் இல்லை. துணியோடும் மருந்தோடும் அடிமைகளும் இத்துறைமுகத்திலிருந்து ஏற்றப்பட்டனர். பஞ்சமும் உள்நாட்டுப் போரும் வந்த ஆண்டுகளில் அவ்வணிகம் பெருகியது.

போரின் பிற முனைகளில் வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வந்தன. 1622இல் மக்காவுவில் ஒல்லாந்தர் தோற்றனர். 1630இல் பிரேசிலின் பெர்னம்புகோவைப் பிடித்து 1654இல் இழந்தனர். அங்கோலாவின் லுவாண்டா 1641இல் கைப்பட்டு 1648இல் போனது. ஆசியாவில் அவர்கள் கை ஓங்கியது: மலாக்கா 1641இலும், கொழும்பு 1656இலும், தூத்துக்குடி, நாகப்பட்டினம், மன்னார், யாழ்ப்பாணம் ஆகியவை 1658இலும் வீழ்ந்தன. 1661இல் ஹேக் நகரில் உடன்படிக்கை கையொப்பமான பிறகும் 1663 சனவரியில் கொச்சி பிடிக்கப்பட்டது. 1612இல் போர்த்துக்கீசியர் செய்ததையே அரை நூற்றாண்டு கழித்து ஒல்லாந்தர் செய்தனர்.

பிற்காலப் போர்கள்

ஏழாண்டுப் போரில் (1756–1763) பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 திசம்பர் முதல் 1759 பெப்ரவரி வரை சென்னையை முற்றுகையிட்டார். 1760 சனவரி 22 அன்று வந்தவாசியில் தோற்றார். 1762இல் எசுப்பானியரின் மணிலாவைப் பிடித்த ஆங்கிலப் படை சென்னையிலிருந்தே புறப்பட்டது. அதில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தனர். இதற்கு மாறாக, 1749–1754இல் நடந்த இரண்டாம் கர்நாடகப் போரில் அதே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினாலும் ஐரோப்பாவில் இரு அரசுகளும் சமாதானத்தில் இருந்தன. வேறு முனைகளோடு இணையாத அப்போர் வட்டாரப் போராகவே கொள்ளப்படுகிறது.

அமெரிக்க விடுதலைப் போரும் இக்கரையைத் தொட்டது. 1780 திசம்பரில் பிரித்தானியா ஒல்லாந்தின் மீது போர் தொடுக்க, 1781இல் பழவேற்காடு ஆங்கிலேயர் வசமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலேயரோடு போரிட்ட மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலியின் படையினர் காத்துநின்ற திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர்க் கோட்டையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் பிடித்தார். கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் ஆங்கிலக் கப்பற்படையோடு ஐந்து முறை மோதினார். அவற்றில் கடைசி, 1783 சூனில் கடலூருக்கு அப்பால் நடந்தது. ஐரோப்பாவில் முதற்கட்டச் சமாதானம் அவ்வாண்டு சனவரியிலேயே முடிந்திருந்தது. செய்தி வந்து சேரவில்லை.

பிரெஞ்சுப் புரட்சிப் போர்களின்போது இடையில் ஒல்லாந்தரிடம் திரும்பியிருந்த பழவேற்காட்டை 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் எடுத்துக்கொண்டனர். 1806இல் கோட்டையை இடித்தனர். 1818இல் ஊர் ஒல்லாந்தரிடம் திரும்பியது. 1824 உடன்படிக்கையின்படி 1825இல் நிலையாக ஆங்கிலேயருக்கு வந்தது.

இருபதாம் நூற்றாண்டு

முதல் உலகப் போரில் 1914 செப்டம்பர் 22 இரவு செருமானியக் கப்பல் எம்டன், சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. சாமர்த்தியசாலியை எம்டன் என்று அழைக்கும் வழக்கு இன்றும் தமிழில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரலில் சப்பானியர் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகியவற்றின் மீது குண்டு வீசினர். சென்னை மக்கள் பெருமளவில் ஊரை விட்டு வெளியேறினர். அரசு அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. 1943 அக்டோபரில் சென்னை மீதும் ஒரு சப்பானிய விமானம் குண்டு வீசியது. இப்போரின்போது சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் அமைந்த விமான ஓடுதளம் பின்னர் கார், மோட்டார் சைக்கிள் பந்தயத் தடமாகப் புகழ்பெற்றது. முதற்போரில் 13 லட்சத்துக்கும், இரண்டாவதில் 25 லட்சத்துக்கும் குறையாத இந்தியர் படைகளில் பணியாற்றினர்.

விலக்குகள்

பல நாட்டினரைப் பாதித்த போர் எல்லாம் உலகப் போர் ஆகாது. இலங்கை உள்நாட்டுப் போர் (1983–2009) ஐரோப்பா முதல் கனடா வரை தமிழரைச் சிதறடித்தது. கும்மிடிப்பூண்டியில் ஈழ அகதிகளுக்கான பெரிய முகாம் அமைந்தது; 1987–1990இல் இந்தியப் படையும் களத்தில் இருந்தது. ஆயினும் வல்லரசுகள் எதிரெதிரே நின்று மோதாததாலும், களம் ஒரு தீவுக்குள் அடங்கியதாலும் அது இவ்வகையில் சேராது. பனிப்போரும் நேரடி மோதலாக முற்றாததால் விலக்கப்படுகிறது.

இன்றைய நிலை

கெல்ட்ரியா கோட்டை இருந்த இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. எலும்புக்கூடு செதுக்கிய வாயிலை உடைய ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வட்டாரத்தின் கடல் வணிகம் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும், தொழில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் நகர்ந்துவிட்டது.