பள்ளிச் சோற்றில் பங்கு கேட்கும் புழு

புதுடில்லி ஜங்புராவில், பாரப்புல்லா வடிகாலின் கரையோரமாக மதராசி கேம்ப் என்னும் தமிழர் குடியிருப்பு ஒன்று இருந்தது. பிழைப்புத் தேடித் தெற்கிலிருந்து சென்றோர் பல பத்தாண்டுகளுக்கு முன்னர் எழுப்பிய குடிசைகள், நாளடைவில் ஏறத்தாழ 370 வீடுகளாகப் பெருகின. அவர்தம் பிள்ளைகள் பலர் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளிற் பயின்றனர்.

சாக்கடைக் கரையில் வளரும் பிள்ளைக்குச் சோறிட்டும் உடம்பு தேறவில்லையென்றால், "வயிற்றிற் பூச்சி" என்று நம் பாட்டிமார் சொல்வர். வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுப்பர். அவர்கள் ஐயம் வீணன்று. பெண் உருளைப்புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 2,00,000 முட்டைகள் இடும். மலத்தோடு வெளிப்படும் அவை ஈரமண்ணிற் பக்குவமடைந்து, கழுவாத கைவழியே மீண்டும் குடல் புகும். கொக்கிப்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்தே நுழைவது. 1898-இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்பார் கண்ட உண்மை இது. அது குருதியை உறிஞ்சும். உணவின் இரும்புச் சத்து அவ்வழியே வீணாகும்.

இவ்விரு துன்பங்களையும், அதாவது பசியையும் புழுவையும், சென்னை மாகாணம் ஒரே ஆண்டில் எதிர்கொண்டது வியப்புக்குரியது. 1920-இல் சென்னை மாநகராட்சி, தியாகராய செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியிற் பகலுணவு வழங்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்குச் செலவு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது விதி. திட்டம் பிற பள்ளிகளுக்கும் பரவிற்று; சேர்க்கையும் உயர்ந்தது. ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்ய அரசு இசையாமையால், 1925 ஏப்ரலில் அது நின்றது. அதே 1920-இல்தான் ராக்பெல்லர் நிறுவனம் இம்மாகாணத்திற் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கி, 1928 வரை நடத்தியது. தைமால், கீனோபோடியம் எண்ணெய் முதலியன அக்காலத்து மருந்துகள். மருந்து புழுவை வெளியேற்றும். கழிப்பிடமில்லாத ஊரின் மண்ணோ மறுபடியும் புழுவைத் தரும்.

பின்னர்ச் சோறு வென்றது. 1956-இற் காமராசரும், 1982-இல் எம்.ஜி.ஆரும் அதனை நாடறியச் செய்தனர். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசு மற்றும் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரப் பணித்தது. மாத்திரை சற்றுத் தாமதமாகவே வந்தது: 2015 பிப்ரவரியில் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கி, 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு அல்பெண்டசோல் வழங்கப்பட்டது.

ஆனால் மாத்திரையை மட்டும் நம்பலாமா? உத்தரப் பிரதேசத்தில் பள்ளி செல்லாச் சிறாரிடையே ஆண்டுக்கு இருமுறை அம்மருந்தளித்துப் பார்த்த பேராய்வு 2013-இல் வெளியாயிற்று. எடையிற் குறிப்பிடத்தக்க ஏற்றம் காணப்படவில்லை. எல்லாப் பிள்ளைகட்கும் இம்முடிவு பொருந்துமென்று நான் சொல்லேன். எனினும், நூறாண்டாகச் சோறும் மருந்தும் பள்ளி வாயில்வரை வந்தன; வடிகாலை ஒட்டிய தெருவுக்குக் கழிப்பிடமும் குழாய்நீரும் அவ்வளவு விரைந்து வரவில்லை என்பது வெளிப்படை.

மதராசி கேம்ப் வடிகால் நீரோட்டத்துக்கு இடையூறென்று, உயர் நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1-ஆம் நாள் இடிக்கப்பட்டது. 189 குடும்பங்கள் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் அடுக்ககம் பெறத் தகுதியுடையன எனப்பட்டன. எஞ்சியோர்க்கு அதுவுமில்லை. சாக்கடை பின்தங்கியது, பிள்ளைகள் பயின்ற தமிழ்ப் பள்ளிகளும் தொலைவாயின.