செல்மாப் பேரணியும் ஊர்க்கழகமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில், ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களின் தொடக்கத்தில் மக்கள் திரண்டு எட்மண்டு பெட்டசுப் பாலத்தைக் கடக்கின்றனர். 1965-இல் நிகழ்ந்த வாக்குரிமைப் பேரணியின் நினைவு விழா இஃது. அப்பேரணியை மார்ட்டின் லூதர் கிங் என்னும் ஒருவர்தம் செயலாகவே கருதுவார் பலர். அக்கருத்துப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

செல்மாவைத் தலைநகராகக் கொண்ட டல்லசு வட்டத்தில் வாக்களிக்கும் அகவையுடைய கறுப்பின மக்கள் ஏறத்தாழ 15,000 பேர். 1961-இல் வாக்காளராய்ப் பதிவு பெற்றிருந்தோரோ 156 பேரே. நான்காண்டு வழக்காடிய பின்னும் அத்தொகை 383-ஐத் தாண்டவில்லை. பதிவு அலுவலகம் திங்களுக்கு இரு நாளே திறந்திருந்தது. தேர்வு என்னும் பெயரால் பலர் விலக்கப்பட்டனர்.

இந்நிலையை எதிர்த்து முதற்கண் உழைத்தது டல்லசு வட்ட வாக்காளர் கழகம். அமேலியா பாயின்டன், ஆசிரியரும் சமயத் தொண்டருமாகிய எஃப். டி. ரீசு முதலியோர் அதனைத் தாங்கினர். 1963-இல் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவினர் வந்து இணைந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள், பதிவு வேண்டி முந்நூற்றுக்கு மேற்பட்டோர் நீதிமன்ற வாயிலில் வரிசையில் நின்றனர். அவர்கட்கு உணவு கொண்டுசென்ற தொண்டர் தாக்கப்பட்டனர். 1964 சூலையில், உரிமை பற்றி மூவர் கூடிப் பேசுதலையும் நீதிபதி ஒருவர் தடை செய்தார். இத்தடையை உடைக்கவே ஊர்க்கழகத்தார் கிங் அவர்களை அழைத்தனர். 1965 சனவரி 2-இல் அவர் பிரௌன் தேவாலயத்தில் உரையாற்றினார். ஆகவே, அவர் வருகை இயக்கத்தின் தோற்றம் அன்று. முன்னரே தோன்றிய இயக்கத்தின் வளர்ச்சியே ஆகும்.

இதற்குப் பிறிதொரு சான்றும் உண்டு. மார்ச்சு 7-இல் ஏறத்தாழ 600 பேர் பாலத்தைக் கடந்தபோது காவற்படையினர் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் தாக்கினர். 'குருதி ஞாயிறு' எனப் பெயர் பெற்ற அந்நாளில் கிங் அங்கு இல்லர். முன்னணியில் நடந்தவர் ஜான் லூயிசும் ஓசியா வில்லியம்சும் ஆவர். அமேலியா பாயின்டன் அடியுண்டு நினைவிழந்து வீழ்ந்தார். மார்ச்சு 21-இல் கிங் தலைமையில் தொடங்கிய 54 கல் நடைப்பயணத்தில், முதல் மூன்று இரவும் தங்க இடம் தந்தவை கறுப்பின உழவர்தம் நிலங்கள். பகைவரிடையே வாழ்ந்த அவர்கள் இழக்கக்கூடியது மிகப் பெரிதாகலின், அவர்தம் துணிவு தலைவர் துணிவினும் குறைந்ததன்று.

மார்ச்சு 25-இல் மான்கோமரியில் ஏறத்தாழ 25,000 பேர் கூடினர். ஆகத்து 6-இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறிற்று. கிங்கின் பெயரும் புகழும் நாட்டின் கண்களைச் செல்மாவின்பால் திருப்பின என்பதை மறுத்தற்கில்லை. எனினும், திரும்பிய கண்கள் கண்டது ஊரார் பல்லாண்டு உழைத்த உழைப்பையே.

இனி, உரிமை பெற்றபின் ஆண்டுதோறும் நடத்தல் வெறுஞ்சடங்கு அன்றோ எனின், அன்று என்க. 2013-இல் அலபாமாவின் செல்பி வட்டம் தொடுத்த வழக்கில், தேர்தல் முறைகளை மாற்றுமுன் நடுவண் அரசின் இசைவு பெறவேண்டிய பகுதிகளைக் குறித்த விதியை உச்சநீதிமன்றம் நீக்கியது. அதனால் அக்காப்பு செயலற்றது. அதன்பின் நினைவு நடை மீண்டும் கோரிக்கை நடையாயிற்று. 2015-இல் பாயின்டன் அம்மையார் சக்கர நாற்காலியில் குடியரசுத் தலைவர் ஒபாமாவுடன் அப்பாலத்தைக் கடந்தார். 2020 மார்ச்சில், மறைவதற்குச் சில திங்கள் முன்னர், நோயுற்ற லூயிசும் அங்கு வந்து உரையாற்றினார்.

சட்டத்தால் வந்த உரிமை தீர்ப்பால் தளர்தலும் கூடும். அதனைக் காப்பது ஆண்டுதோறும் கூடும் மக்களின் விழிப்பே. தலைவரை மட்டும் போற்றி ஊர்க்கழகத்தை மறக்கும் வரலாறு, அவ்விழிப்பு எங்ஙனம் தோன்றுகிறது என்பதை உணர்த்தவியலாது என்பதே எம் முடிபு.