பூட்டன் எங்கே பிறந்தார்?

எங்கள் குடும்பத்துக் கதையை முதலில் கேட்டவர்கள் பேரப்பிள்ளைகள் அல்ல, அரசாங்கம்தான். 1948இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம், மலைநாட்டுத் தோட்டங்களில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்து, உன் அப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. அவர் இலங்கையில்தான் பிறந்தார் என்று காட்ட முடியவில்லையா? அப்படியானால் தாத்தனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளைகளில் பலருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. இருந்தவர்களுக்கும் பெயர் ஒன்று, பதிந்தது ஒன்று. என் தாத்தா எப்போது பிறந்தார் என்று கேட்டால், "பெரிய மழையில மலை சரிஞ்சுச்சே, அதுக்கு மறுவருசம்" என்பாள் என் அப்பாயி. அந்தச் சாட்சியத்தை எந்த அரசாங்கக் கச்சேரியில் எழுதிக்கொள்வார்கள்?

கதை எங்களிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. அவர்கள் கேட்டதோ தாள். தாள் இல்லாததால் எங்கள் ஆட்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள்.

இப்போது நானே அப்பாயி. நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடு. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பேத்தியும் பேரனும் மே மாத லீவுக்கு இங்கே வந்துவிடுவார்கள். பொழுது சாய்ந்தால் யானை பயத்தில் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை, கரண்டும் அடிக்கடி போய்விடும். போனில் சார்ஜ் தீர்ந்த பிறகுதான் என் பக்கம் திரும்புவார்கள். ஒரு நாள் பேரன் கேட்டான்: "அப்பாயி, நம்ம சொந்த ஊர் எது?" கச்சேரியில் கேட்ட அதே கேள்விதான். ஆனால் இவனுக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை.

என் மகன் இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னதே இல்லை. அவன் படித்த காலத்தில் "சிலோன்காரன்" என்று கூப்பிட்டால் சண்டைக்குப் போவான், பிறகு சண்டை போடுவதையும் விட்டு, எங்கிருந்து வந்தோம் என்பதை மறைக்கப் பழகிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் விழுங்கியதைப் பிள்ளைகளும் விழுங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

பேரனுக்கு நான் சொன்ன முதல் கதை இலை நோய் பற்றியது. மலைநாட்டில் முதலில் இருந்தது தேயிலை இல்லை, கோப்பி. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஆண்கள், ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி பின்னால் போய்ப் பழம் பறித்துவிட்டுப் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். படகில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அடுத்த சில வருசங்களிலேயே கோப்பி இலையில் துரு என்ற பூஞ்சை நோய் விழுந்தது. இருபது வருசத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது, மலை முழுவதும் தேயிலை. கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக்கு வருசம் பூராவும் கொழுந்து கிள்ள வேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும். அதனால்தான் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தார்கள், வரிசை வரிசையாக லயம் கட்டினார்கள். துறையூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எங்கள் பூட்டன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனது இப்படித்தான். "ஒரு பூஞ்சையாலயா நாம அங்க போனோம்?" என்று பேத்தி சிரித்தாள். அவள் எட்டாம் வகுப்பு. பாடத்தில் பூஞ்சை வந்திருக்கிறது.

போனவர்கள் ஏன் திரும்பவில்லை என்பது அடுத்த கேள்வி. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடன் கணக்கில் ஏறும். துண்டு என்று ஒரு சீட்டு, கங்காணியின் கூட்டம் மொத்தத்துக்கும் எவ்வளவு கடன் என்று அதில் இருக்கும். வேறு தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆட்கள் அங்கே போக முடியும். 1921இல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். இதைச் சொன்னபோது பேரன் கொட்டாவி விட்டான். சரி, கடன் கணக்கில் கொட்டாவி வருவது நியாயம்தான்.

ஆகவே நான் வழியை மாற்றினேன். கஷ்டத்தை மட்டும் வரிசையாகச் சொன்னால் பிள்ளைகள் இரக்கப்படுவார்கள், பிறகு எழுந்து போய்விடுவார்கள். ஒப்பந்தங்களும் சட்டங்களும் புத்தகத்தில் இருக்கின்றன. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போனது என்பது எந்த ஆவணத்திலும் இல்லை. யாரும் கேட்காததால் அது பதிவாகவும் இல்லை.

வாசலில் சாக்பீஸால் 10 அடிக்கு 12 அடி அளந்து கட்டம் போடச் சொன்னேன். இதுதான் காம்பரா என்றேன். முன்னால் சின்னதாக ஓர் இஸ்தோப்பு, திண்ணை மாதிரி. இந்த மூலையில் அடுப்பு, அந்த மூலையில் விறகு, கொடியில் துணி. இதில் எட்டுப் பேர் படுக்க வேண்டும். பிள்ளைகள் இருவரும் படுத்துப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் படுக்க வைத்தார்கள். கால் கட்டத்துக்கு வெளியே போகக் கூடாது என்று ஒரே கூச்சல். கடைசியில், "அப்பாயி, நீ எங்க படுத்த?" என்றான் பேரன். அடுப்புப் பக்கம் என்றேன். குளிருக்கு அதுதான் நல்ல இடம், அதைப் பிடிக்க நானும் என் தங்கையும் அடித்துக்கொள்வோம்.

விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து ரொட்டி சுடுவாள். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுத் தடிமனாகத் தட்டி, மேலே சம்பல். ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு நேரம் பிந்திப் போனால் வேலை கிடையாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே கங்காணி யார் யார் எந்த மலைக்கு என்று பிரிப்பார். மலை என்றால் தேயிலை நட்ட ஒரு துண்டு நிலம், அதற்கு நம்பர் உண்டு. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு பெண்கள் ஏறுவார்கள். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும், அன்றைய சம்பளத்தில் பாதி போச்சு. கைக்குழந்தையை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டிருப்பார்கள். பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி ஓடிவந்து, திரும்ப ஏற வேண்டும்.

சாயங்காலம் பீலிக்கரை. மலையிலிருந்து விழும் தண்ணீரைத் தகரத்திலோ மூங்கிலிலோ திருப்பிவிட்ட இடம்தான் பீலி. குளியல், துணி, பாத்திரம், சண்டை, சம்பந்தம் பேசுவது எல்லாம் அங்கேதான். என் அம்மாவை அப்பாவுக்குக் கேட்டதும் பீலிக்கரையில்தான் என்று சொன்னதும் பேத்தி வாயைப் பிளந்தாள். அவளுக்குத் துண்டு முறையைவிட இது முக்கியம். எனக்கும் அப்படித்தான்.

பிறகு தேத்தண்ணி. நல்ல தூள் கொழும்புக்குப் போய்க் கப்பலேறிவிடும், கிள்ளியவர்களுக்குக் கிடைப்பது தூசு. பால் இல்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே சாயத்தண்ணியைக் குடிக்க வேண்டும், அப்போதுதான் சீனி மிச்சமாகும். பிள்ளைகள் இதைச் செய்து பார்த்து, இன்னும் கொஞ்சம் சீனி கேட்டார்கள்.

சாமிகளையும் விடவில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் முன் கவ்வாத்துச் சாமிக்குக் கும்பிடு. ஃபாக்டரியில் பெரிய சக்கரத்துக்கு ரோதைமுனி. மாசியில் காமன் கூத்து வந்தால் தோட்டமே வேஷம் கட்டும். என் அப்பா எமன் வேஷம் போடுவார். பகலில் கணக்கப்பிள்ளை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மனுசன், ராத்திரி பாசக்கயிற்றோடு வந்தால் அதே கணக்கப்பிள்ளையின் பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள். இதை நடித்துக் காட்டச் சொல்லி இன்றும் கேட்கிறார்கள்.

இந்த வாழ்க்கையை முடித்துவைத்தது 1964 அக்டோபர் 30ஆம் தேதிக் கையெழுத்து. இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால்பகதூர் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். அந்த மிச்சத்தை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. 1973, 74இல் வந்த பஞ்சம்தான் எங்கள் வீட்டில் முடிவெடுத்தது. கூப்பன் அரிசி குறைந்தது, மாவும் கிடைக்கவில்லை, நிலமில்லாத தோட்டத்து ஆட்கள்தான் முதலில் சுருண்டு விழுந்தார்கள். அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். பெரியப்பா இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

நாங்கள் ஏறிய ரயிலுக்கு மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ஸ்டேஷனில் பெண்கள் சாவு வீட்டில் போலக் கட்டிப்பிடித்து அழுவார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், அக்கரையில் இராமேஸ்வரம். முன்பெல்லாம் கப்பல் தனுஷ்கோடிக்குத்தான் வரும். ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆவதற்குள், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. பிறகு மண்டபம் முகாம். பாட்டன் காலத்தில் சிலோனுக்குப் போகிறவர்களை நோய்க்குப் பயந்து நிறுத்திவைத்து, குளிக்க வைத்து, ஊசி போட்டு அனுப்பிய அதே மண்டபம். 1983க்குப் பின் போருக்குத் தப்பி வந்தவர்களையும் அங்கேதான் வைத்தார்கள்.

நீலகிரிக்கு வந்ததற்குக் காரணம் டான்டீ. எங்களைப் போல் வருகிறவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழக வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம், 1976இல் தனிக் கழகம் ஆயிற்று. கடனும் தொழிலும் தருகிறோம் என்று சமவெளியில் குடியமர்த்தப்பட்ட பலரும், தெரியாத தொழிலில் தோற்று, தெரிந்த குளிரைத் தேடிக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் வந்து சேர்ந்தார்கள். தேயிலையை விட்டு ஓடிவந்து, தேயிலையிலேயே விழுந்தோம். நானும் கொழுந்து எடுத்தேன், பிறகு பால்வாடியில் வேலை கிடைத்தது.

இங்கேயும் தாள் கேட்பது நிற்கவில்லை. மகனின் சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில், தாயகம் திரும்பியவர்களுக்குத் தந்த குடும்ப அட்டையை நீட்டியபோது, "இது சரி, உங்க பூர்வீக ஊர்ல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். பூட்டன் விட்டுப்போன ஊரில் எங்களை யாருக்குத் தெரியும்? அந்தக் குடும்ப அட்டையும், ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும் உதவிய பாஸ்போர்ட்டும் இப்போது தகரப் பெட்டியில் இருக்கின்றன. பேத்தி அவற்றைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட்டுக்காக ஹட்டன் ஸ்டூடியோவில் முதலில் எடுத்த படத்தில் எங்கள் முழுக் குடும்பமும் இருக்கிறது. அதில் நிற்பவர்களில் பெரியப்பா வீட்டுப் பிள்ளை ஒருத்தியும் உண்டு. அழுது அடம்பிடித்து வரிசையில் புகுந்துவிட்டாள். பாஸ்போர்ட்டுக்கு வேறு படம் எடுக்க வேண்டியதாயிற்று.

அவள் இப்போது பதுளையில் இருக்கிறாள். போன லீவில் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அவளைப் பிடித்துப் பேச வைத்தார்கள். ஒரு மணி நேரம் பேசினோம், பாதி நேரம் சண்டை. அடுப்பு எந்த மூலையில் இருந்தது என்பதில் அவளுக்கும் எனக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

கூடலூர், கோத்தகிரி, வால்பாறை, கொடைக்கானல் பக்கம் எங்களைப் போன்ற வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் அந்த நாள் படம் ஒன்று இருந்தால், பின்பக்கத்தில் பென்சிலால் யார் யார், எந்தத் தோட்டம் என்று எழுதி வையுங்கள். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக் கூடியவர்கள் எல்லாருக்கும் இப்போது எழுபதை ஒட்டிய வயது.